டீச்சரின் இடது கை

…வரட்டும், வந்தால் என்ன, முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாக நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டால் ஆயிற்று, வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுகிற பழக்கம் இந்தக் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை, அதற்காக வந்தவரையெல்லாம் உள்ளறை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டவேண்டும் என்று சட்டமும் இல்லை, காட்டுவதற்கு இங்கே என்ன பொருட்காட்சியா நடக்கிறது… சீப்பு சிக்கிக்கொண்டது. அவர் கையை நிறுத்தி, முடியின் நடுப்பாகத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மெல்ல விடுவித்தார், மேலிருந்து இழுத்தால் வலிக்கும், நுனியிலிருந்துதான் தொடங்கவேண்டும், இந்த வயதில் இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் முகம் சுளித்த சுளிப்பைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டதுதான். பின்பக்க ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். கட்டிய மனைவிதான், ஆனால் ஊரெல்லாம் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் மனத்துக்குள்ளும் அவள் டீச்சராகவே ஆகிப்போயிருந்தாள். வலது கை தலையணைமேல் அசையாமல் கிடந்தது. வாயின் வலது ஓரம் சற்றுக் கீழே இறங்கியிருந்தது, அதைத் துடைப்பதற்கென்று அவர் தோளில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு. சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள், “அப்பா, நீலப் புடவையே கட்டிவிட்டிருக்கேன், நல்லா இருக்குல்ல? பள்ளிக்கூடத்திலேருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் வர்றாங்க, பழசோட உட்காரவைக்கக் கூடாது.” உட்காரவைப்பதா, யார் முன்னால், யாரைக் கேட்டு… “அவங்க முன்னறைக்கு வருவாங்க, உங்கம்மா பின்னறையில இருப்பா. புடவைய யாரு பார்க்கப் போறாங்க?” என்றார். பதிலுக்கு ஒரு பாத்திரம் சற்றுப் பலமாக வைக்கப்பட்டது.

எல்லாம் இந்த மகளால் வந்த வினை. டீச்சருக்குப் பக்கவாதம் வந்து, மருத்துவமனையில் கிடந்து, பேச்சும் வலது பக்கமும் போய், வீட்டுக்குக் கொண்டுவந்தது பின்வாசல் வழியாக. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில் சொல்லி வைத்திருந்தார், மகன் வீட்டுக்குப் போயிருக்கா, கொஞ்ச நாள் இருந்துட்டு வருவா. எதிர்வீட்டுத் தையற்காரர் மட்டும் அவ்வப்போது, “டீச்சருக்கு அங்க குளிர் ஒத்துக்குதா சார்?” என்று கேட்பார், “ஒத்துக்குது, ஒத்துக்குது” என்று நிமிர்ந்து நடந்துவிடுவார். பொய்தான், ஆனால் எதற்காகச் சொன்ன பொய், அதையல்லவா பார்க்கவேண்டும்… அவருடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அம்மா அந்த அறைக் கதவை உற்றார் உறவினருக்குக்கூடத் திறக்கவில்லை, வீட்டு நோவு வாசப்படி தாண்டக் கூடாது என்பாள், நிமிர்ந்து நடந்த மனிதரை நிமிர்ந்தே நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்பாள். யானை படுத்தாலும் குதிரை மட்டம்தான், யார் இல்லையென்றது, ஆனால் படுத்த யானையைப் பார்க்க ஊரைக் கூட்டுவது எந்த ஊர் நியாயம்? இதைப் புரிந்துகொள்ளாமல் மகள் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்தாள். “எத்தனை நாளைக்குப்பா அம்மாவ ஒளிச்சு வெப்பீங்க? அம்மா என்ன திருட்டு நகையா?” இந்த நாக்கு யாரிடமிருந்து வந்தது, “உங்கம்மா சாயல் உன் பேச்சில ஒரு சொட்டு கிடையாது” என்றதற்கு, “அம்மா பேச்சு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா மொதல்ல?” என்று திருப்பிக் கேட்டாள். என்ன கேள்வி இது, இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவனுக்குத் தெரியாமல்…

தெரியாதா, என்ன தெரியாது? இந்த வீட்டுக்கு வரும்போதே டீச்சராகத்தான் வந்தாள், மருமகள் வேலைக்குப் போவதா என்று அப்பா மீசையை நீவியபோது, போகட்டும், படித்த படிப்பு வீணாக வேண்டாம் என்று எழுந்து நின்று சொன்னவர் அவர், அந்தக் காலத்தில் இந்தக் குடும்பத்தில் அப்படி எழுந்து நின்றவன் வேறு யார்? கடைசி நாள் வரைக்கும் ஒண்ணாம் வகுப்பு ஒன்றுதான், இரண்டாம் வகுப்புக்குக்கூட ஏறவில்லை. மற்ற ஆசிரியைகள் பெரிய வகுப்பு கேட்டு நடையாய் நடப்பார்கள், இவள் கூடத்து நடுவில் உட்கார்ந்து பழைய துணியில் கரும்பலகை துடைக்கும் திண்டு தைத்துக்கொண்டிருப்பாள். சாக்குக்கட்டியை முழுசாக வைத்து ஒருநாளும் எழுதமாட்டாள், இரண்டாக உடைத்துக்கொள்வாள், முழுக் கட்டி கீச்சிடுமாம், கீச்சிட்டால் முதல் நாள் வந்த பிள்ளை அழுமாம். கைப்பையில் பவுடர் இருக்காது, சட்டைப் பொத்தானும் ஊசியும் நூலும் இருக்கும், பிள்ளைகளுக்குப் பொத்தான் அறுவதுபோல் வேறெதுவும் அறுவதில்லை என்பாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் உள்ளே நுழைந்ததும் அவள் உதடு அசையும், என்ன முணுமுணுக்கிறாய் என்றால் தலையை எண்ணுகிறேன் என்பாள், யாருடைய தலையை, எல்லாருடைய தலையையும்தான், திரும்பும்போது குறையக் கூடாதில்லையா என்பாள், சிரித்துத் தொலைப்பார் அவர். நடுரோட்டில் போக்குவரத்துக் காவலர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்திவைத்துவிட்டு, “நீங்க கடந்து போங்க டீச்சர், மெதுவா” என்பார். அன்றைக்கு மருத்துவமனையில், ஒரு பக்கம் சரிந்து கிடந்தவளைப் பார்த்த பெரிய டாக்டர், ஒருகாலத்தில் அவளிடம் படித்தவர், படக்கென்று எழுந்து நின்றுவிட்டார், மற்ற டாக்டர்கள் எதற்கென்று தெரியாமல் கூடவே எழுந்து நின்றார்கள், அந்த நேரத்திலும் அவருக்கு மனசின் ஒரு மூலையில் பெருமையாக இருந்தது, இன்னாருடைய மனைவி என்பதை எல்லாரும் பார்க்கட்டும்… இல்லை, அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை, டீச்சரின் கணவர் யார் என்றுதான் தேடினார்கள், சரி, அதுவும் ஒன்றுதான்.

அதைவிடப் பெருமை ஒன்று இருந்தது, அதை அவர் அதிகம் வெளியில் சொல்வதில்லை, சொந்தக்காரர் கூட்டத்தில் மட்டும் சொல்வார். அவருடைய சட்டைக் காலர் மடங்கி இருந்து யாரும் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி அவர் தன் முடிவைச் சொல்லுவார், கல் நட்டால் நட்டதுதான் என்று, நில அளவை அலுவலகத்தில் இருந்தவர் பேச்சு அப்படித்தானே இருக்கும், அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கிட்டே வருவாள், இரண்டு விரலால் காலரை இழுத்து நேராக்குவாள், மேல் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள், போய்விடுவாள். எந்த வீட்டில் நடக்கும் இது? பக்கத்து வீட்டிலெல்லாம் ஒன்று சொன்னால் ஒன்பது திரும்பி வரும், தட்டு பறக்கும். இப்போது பேச்சு போய், வலது கை போய், அப்படியும் அவர் குனிந்து ஏதாவது சொன்னால் அந்த இடது கை மெல்ல எழுந்து காலருக்கு வருகிறது, நடுங்கிக்கொண்டே இழுத்து விடுகிறது, மருத்துவமனையில் முதல்முறை அப்படி வந்தபோது அவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மகனிடம் தொலைபேசியில் சொன்னார், “பேச்சுதான்டா போச்சு, மரியாதை போகல.”

வாசலில் செருப்புச் சத்தம். அவர் முடியைக் கொண்டை போட்டு முடித்து, பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னறைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கண்ணாடி, தலைமை ஆசிரியை என்றால் தலைமை ஆசிரியைதான், ஆனால் வாயைத் திறந்ததும், “டீச்சர்கிட்ட ஓட்டைப்பல்லு வந்திருக்கான்னு சொல்லுங்க சார்” என்றாள். பல் வரிசை இப்போது பழுதில்லாமல்தான் இருந்தது. உட்காரச் சொன்னார். பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுந்திருக்கிறது, திறப்பு விழா, பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள், மேடையில் டீச்சர் நடுவில் உட்காரவேண்டும், ஒன்றும் பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும், கார் அனுப்புகிறோம்… அவர் முதுகை நேராக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், நல்ல வார்த்தைகளாகத் தேடி அடுக்கிக்கொண்டிருந்தார், உங்க அன்புக்கு நன்றி, ஆனா எங்க வீட்டு வழக்கம்னு ஒண்ணு… அதற்குள் பின்னால் கதவு திறந்தது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் கிறீச்சிடும், எண்ணெய் போடவேண்டும் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தார், அந்தச் சத்தம் கூடத்தைக் கடந்து வந்தது. மகள் தள்ளிக்கொண்டு வந்து, நாற்காலியை அவர் பக்கத்திலேயே நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். இவளை… வந்த பெண் எழுந்தாள், இரண்டு அடி வந்தாள், நின்றாள், அந்த இறங்கிய வாயோரத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டாள், போயிற்று, இனி ஊரில் எல்லாருக்கும்… ஆனால் அவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, புறங்கையைக் காட்டி, நகத்தைப் பார்க்கச் சொல்கிற ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றாள். டீச்சர் ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள்.

இதை நீளவிடக் கூடாது. அவர் தோள் துண்டை எடுத்து, குனிந்து, மனைவியின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “மன்னிக்கணும்மா. இவ வரமாட்டா. இந்தக் கோலத்தில நாலு பேரு பார்க்கிறது இவளுக்கே பிடிக்காது. இவ மனசு எனக்குத் தெரியும்.” சொல்லி முடிக்கவும் இடது கை எழுந்தது, மெல்ல, நடுங்கிக்கொண்டு, அவர் காலருக்கு வந்தது, இரண்டு விரலால் இழுத்து நேராக்கியது, பொத்தானைத் தொட்டது, இறங்கியது. பாருங்கள், இந்த நிலைமையிலும் பாருங்கள், என்பதுபோல் அவர் தலைநிமிர்ந்தார். தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அழுகிறாள் என்று நினைத்தார், அழுகைதான், ஆனால் அதற்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

“என்னம்மா சிரிப்பு?”

“சார்… சார், தப்பா எடுத்துக்காதீங்க. டீச்சர் உங்களுக்குத் தப்புப் போட்டுட்டாங்க.”

தப்பா, என்ன தப்பு, என்று அவர் விழித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், கிளாஸ்ல டீச்சர் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லி நாங்க கேட்டதே இல்ல சார், பதில் தப்பா இருந்தா கிட்ட கூப்பிடுவாங்க, காலர நேராக்குவாங்க, பொத்தானப் பார்ப்பாங்க, போய் உட்காருன்னு முதுகத் தட்டுவாங்க, அவ்வளவுதான், எங்களுக்குத் தெரிஞ்சிடும், அடுத்தவனுக்குத் தெரியாது, ஏதோ சட்டைய சரிபண்ணி விட்டாங்கன்னு நினைச்சுக்குவான், “என் காலரெல்லாம் எப்பவும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும் சார், நான் அவ்வளவு மக்கு.” மகள் சுவரோரத்திலிருந்து, “எனக்குக் காலரே இல்லாத கவுன், அப்பா. தோள்பட்டையப் பிடிச்சு இழுப்பாங்க” என்றாள். அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதில் சரியா இருந்தா, என்று கேட்டார், குரல் அவர் நினைத்த அளவுக்குக் கம்பீரமாக வரவில்லை. “சரியா இருந்தா ஒண்ணும் செய்யமாட்டாங்க சார். பாராட்டக்கூட மாட்டாங்க. அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க.”

தேநீர் கொண்டுவருகிறேன் என்று அவர் சமையலறைக்குள் போனார், இந்த வீட்டில் அவர் தேநீர் போட்டு யாரும் பார்த்ததில்லை, மகள் தடுக்கவும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தார், பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார், கை தானாகக் காலருக்குப் போனது, சட்டென்று எடுத்துவிட்டார். அப்படியென்றால்… அப்படியென்றால் அத்தனை தடவையுமா? தம்பிக்கும் தனக்கும் வீட்டைப் பிரித்து நடுவில் சுவர் எழுப்புவதென்று அவரே அளந்து கயிறு கட்டினாரே, கட்டிய அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் காலரை நேராக்கினாள், உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று எண்ணி நிம்மதியாகச் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, “ஏங்க, சுவர் வெச்சா குழாய் எந்தப் பக்கம் போகும்?” என்றாள், இன்னொரு நாள், “பசங்க பந்து அந்தப் பக்கம் விழுந்தா யாரு எடுத்துக் குடுப்பாங்க?”, இன்னொரு நாள், “உங்க தம்பி இருமினா உங்களுக்குக் கேக்குமா?” கேள்விதான், விடுகதை போடுவதுபோல, கையில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும்… ஒரு காலை அவரே போய்க் கயிற்றை அறுத்து எறிந்தார், என் குடும்பத்தில் சுவர் கிடையாது என்று தெருவே கேட்கச் சொன்னார், தம்பி வெளியூருக்குக் குடிபோன பிறகும் அண்ணன் தம்பி என்றால் இவர்களைப் போல என்று ஊரில் சொல்கிறார்கள். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை, மதியத்துக்கு என்ன சமைக்க என்று கேட்டாள். அடுத்த கேள்வி. மகள் கல்யாணமும் அப்படித்தான், முடியவே முடியாது என்று குதித்தவர் எப்படியோ சுற்றி வந்து, நானாகப் பார்த்து எடுத்த முடிவு என்று சபையில் சொன்னார், யார் சுற்றவைத்தது? மக்குப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல… மக்குப் பிள்ளைதான், வேறென்ன. தண்ணீர் கொதித்துப் பாதி வற்றியிருந்தது. கோபம் வரவேண்டும், இத்தனை பெரிய விஷயத்துக்கு அவருக்கு வழக்கமாக வரவேண்டிய கோபம், தேடிப் பார்த்தார், அந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது, மருத்துவமனை வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றபோது இருந்த அதே ஒன்று. அவரை விட்டுவிடவில்லை அவள், ஒரு தடவைகூட. தெரியாதவன் என்று தள்ளிவைக்காமல், அடுத்தவர் எதிரில் குட்டாமல், திரும்பத் திரும்ப…

தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டார். தலைமை ஆசிரியை ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு சார்” என்றாள், மகள், “பொய் சொல்லாதீங்க” என்றாள். அவர் நாற்காலிக்கு எதிரில் நின்றார். இதை எப்படிச் செய்வது, நாலு பேர் முன்னால், ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பிறகு யாரிடம் மறைக்க… குனிந்தார், காலர் எட்டுகிற தூரத்துக்கு. “சரி, போலாம். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போயி, கடைசி வரிசையில ஓரமா உட்கார்ந்துட்டு வந்துடலாம்.” கை எழுந்தது, காலரை இழுத்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அப்போ மேடையிலயே உட்காரு. நடுவிலேயே உட்காரு. பார்க்கிறவங்க பார்க்கட்டும்.” இதற்குமேல் ஒரு மனிதன் இறங்கிவர முடியாது, ஆனால் கை மறுபடியும் வந்தது, இந்தமுறை பொத்தானையும் தொட்டுப் பார்த்தது. இதுவும் தப்பா? ஒளிந்துகொள்ளவும் வேண்டாம், மேடையும் வேண்டாம், பிறகு… அவர் அந்த முகத்தைப் பார்த்தார், இறங்கிய வாயோரத்தைத் தாண்டிக் கண்ணைப் பார்த்தார், அது அவர் முகத்தில் இல்லை, எதிரில் இருந்த பெண்ணின் விரல்களில் இருந்தது, கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்த விரல்களின் நகங்களில்.

“விழா அன்னிக்கு வேண்டாம்,” என்றார் மெதுவாக. “ஒரு சாதாரண நாள்ல… ஒண்ணாம் வகுப்புக்குள்ள. பிள்ளைங்களோட. வாசல் வழியாவே கூட்டிட்டுப் போறேன், தெரு வழியா.”

கை மடியிலேயே இருந்தது. அவர் குனிந்தபடி காத்திருந்தார். வரவில்லை. சரியா, அல்லது களைத்துவிட்டாளா, எப்படித் தெரிந்துகொள்வது, சற்றுப் பொறுத்து அவள் கண்கள் மட்டும் ஓட்டைப்பல்லிடமிருந்து நகர்ந்து ஜன்னலுக்குப் போயின. “திங்கக்கிழமை நல்ல நாள் சார்,” என்றாள் தலைமை ஆசிரியை, “வாராவாரம் நகம் பார்க்கிற நாள்.” போகும்போது அவர் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார், எதிர்வீட்டில் தையற்காரர் தலைநீட்டி வழக்கம்போல, “டீச்சர் எப்ப வர்றாங்க சார்?” என்றார். “உள்ளதான் இருக்கா. உடம்பு சரியில்ல. சாயங்காலம் வந்து பாருங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தார், நட்ட கல்லைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாயிற்று.

மகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முன்னறையில் அவர்கள் இருவர் மட்டும். சுவர், கல்யாணம், எல்லாவற்றுக்கும் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது, சரிதான், ஆனால் ஒன்று மட்டும், ஒரே ஒன்று திரும்பி வரவேயில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போகச் சொல்லி உத்தரவு வந்ததே, அன்றைக்கு. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு, நாலு ஆபீஸ் படியேறி நிக்கிற வேலை நம்ம குடும்பத்துக்கு எதுக்கு என்றார், காலர் நேரானது, மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டாள், அதோடு சரி. துணி மடிக்கும்போது வரவில்லை, விடுகதையாக வரவில்லை. இவனுக்கு இது ஏறாது என்று விட்டுவிட்டாளா? அவர் நாற்காலி எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், முகத்தை அவள் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டார். “அந்த வேலை… நீ போயிருக்கணும். வேண்டாம்னு நான் சொன்னது தப்பு. அதானே?” சொல்லிவிட்டுக் காத்திருந்தார், இத்தனை காலம் கழித்தாவது ஒரு மனிதன் தன் பாடத்தைச் சரியாக ஒப்பித்துவிட்டான் என்ற ஒரு சின்ன நிம்மதியோடு. இடது கை எழுந்தது. நடுங்கிக்கொண்டு வந்தது, காலரை இரண்டு விரலால் பிடித்தது, இழுத்தது, நேராக்கியது.

போக வேண்டாம் என்றது தப்பு, போயிருக்கவேண்டும் என்பதும் தப்பு, இரண்டும் தப்பென்றால் மூன்றாவதாக என்ன இருக்கிறது… அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, முகமெல்லாம் சிரிப்பா, இல்லை பயமா, அது நினைவில் இல்லை, “ஏங்க, இந்த உத்தரவு…” என்று ஆரம்பித்தாள், அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே போதும் என்பதுபோல் கையை உயர்த்தினார்… அவள் விரல்கள் இன்னும் அவருடைய காலரிலேயே இருந்தன, இந்தமுறை இறங்கவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதிலைச் சொல்லிவிட்டிருந்தார் அன்றைக்கு, கேள்வியை அவள் இன்னும் கேட்டிருக்கவேயில்லை.